சாணிப் பிளசர்க்காரர்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், அவர் தன் இருக்கையிலிருந்து பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அன்றைக்கு அந்த வண்டியில் என்னென்ன சரியில்லை என்று எங்களுக்குச் சொல்லிவிடுவார்.

“எடப்பக்கத்துப் பின்கதவு உள்ளேருந்து தெறக்காதுங்க. நான் வந்துதான் தெறக்கோணும். பை இன்னிக்கு முக்கால்வாசிதான் ரொம்பியிருக்குது, தோட்டத்துல ரெண்டு மாடு சந்தைக்குப் போயிருச்சு. மேட்டுல இழுக்காட்டி ஆம்பளைங்க சித்தே எறங்கி நடக்கோணும். பீடி, சிகரெட்டு, தீக்குச்சி எதும் ஆகாதுங்க. எல்லாரும் கேட்டுட்டீங்களா? போலாங்களா?”

என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டிங் மாஸ்டருக்கு இது தாங்காது. பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர், வாய்த்துடுக்கு அதிகம்.

“ஏனுங்கண்ணா, இதுல செரியா இருக்கறது என்னன்னு சொன்னீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சிருமே?”

“செரியா இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்க. நீங்களும் நேரத்துக்கு வர்றதில்லீங்களே” என்பார் அவர். வண்டி கிளம்பும்.

பெட்ரோல் விலை திடீரென்று எங்கேயோ போய்விட்ட வருஷம் அது. திருமுருகன்பூண்டியிலிருந்து தினமும் திருப்பூருக்குப் போய் வரும் எங்களைப் போன்றவர்கள் டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டிருந்தோம். நான் திருப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். என் மகள் அங்கேயே பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள், ஒரே குழந்தை. அந்தக் கூட்டத்தில் அவள் பை ஒருபக்கமும் அவள் ஒருபக்கமுமாக நசுங்காமல் இருக்க, வழியெல்லாம் கையை ஊன்றி அவளைச் சுற்றி இடம் விட்டு நிற்பேன். நான் அப்படிப்பட்ட தகப்பன். அவள் இருமினாலே மூச்சை எண்ணுகிறவன்.

அப்போதுதான் அவருடைய பிளசர் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று காரைப் பிளசர் என்றுதான் சொல்வோம். பழைய சீமை வண்டி. அதன் கூரையில் மரச் சட்டம் அடித்து, ரப்பர் பூசிய கித்தானில் தைத்த பெரிய பை ஒன்றைக் கட்டியிருந்தார். காலையில் அது புதுப் பஞ்சு மெத்தை மாதிரி உப்பி இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது தொய்ந்து கிடக்கும். உள்ளே இருந்தது சாண எரிவாயு. பூண்டிக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் சாணத்தைக் கரைத்து ஊற்றும் தொட்டி கட்டி, அதன் மேல் இரும்புக் கூண்டு கவிழ்த்திருந்தார்கள். தோட்டத்துக்காரர் வீட்டு அடுப்புக்கு எரித்தது போக மிஞ்சியதை இவர் பையில் பிடித்துக்கொள்வார். புறப்படும்போது மட்டும் கொஞ்சம் பெட்ரோல். சூடேறிய பிறகு ஒரு பித்தளைத் திருகைத் திருப்புவார். இன்ஜின் ஒரு தரம் செருமிவிட்டு எரிவாயுவில் ஓட ஆரம்பிக்கும்.

உலகச் சண்டைக் காலத்தில் கரி பஸ் ஓட்டியவர் அவர். பஸ்ஸின் முதுகில் அடுப்பு வைத்து, கரியைப் போட்டு, அதன் புகையில் அவிநாசிக்கும் கோயமுத்தூருக்கும் ஓட்டியிருக்கிறார். “அந்தப் புகையைக் குடிச்சே ஓடுன வண்டிக்கு இது பாலுங்க” என்பார். நெடுநெடுவென்ற உடம்பு. சட்டைக் கைகளை எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருப்பார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். எங்கள் வீட்டில் சாப்பிட நேர்ந்த ஒரு நாள், இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என் மனைவியிடம், “அம்மா, இது அழுக்கில்லீங்க, கறை. கழுவீட்டுத்தான் வந்தேன்” என்று கையை நீட்டிக் காட்டினார்.

குறையை மறைக்கவே தெரியாத மனிதர். மறைக்காததோடு நிற்க மாட்டார், கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பார். வண்டியைப் பரிசோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் பேச்சுக்கு, “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டாராம். “இல்லீங்க” என்று ஆரம்பித்து ஆறு குறை சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, “இப்படி ஒருத்தனை நான் பார்த்ததே இல்லை. ஆறையும் சரிபண்ணீட்டு வா” என்று அனுப்பிவிட்டார். ஆறையும் சரிபண்ணிக்கொண்டு போய், ஏழாவதாக ஒன்றைக் காட்டினார்.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, “பொண்ணுக்கு முன்கோவம் ஜாஸ்திங்க. எடது காது சித்தே மந்தம். சமையல் செமத்தியாப் பண்ணும், ஆனா ஆக்கிப்போட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லாட்டி பேசாது” என்றிருக்கிறார். அவர் மனைவி உள்ளே தலையில் அடித்துக்கொண்டாராம். மாப்பிள்ளையின் தகப்பனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எங்கூட்ல எல்லாருமே சித்தே மந்தந்தானுங்க” என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டார்.

ஆனால் பெண் கொடுக்கும்போது பலித்தது வண்டியில் பலிக்கவில்லை. எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் இரண்டு நாள் எங்களோடு வந்தார். அவருக்கு எந்த வாசமும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இவரே, “பை ரொம்ப நெரம்புனா சித்தே சாணி வாசம் வருமுங்க, சொல்லீட்டேன்” என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த அம்மாவுக்கு வாசம் வர ஆரம்பித்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பூர் வரை வந்தவர், மறுநாள் பஸ்ஸுக்கே போய்விட்டார்.

தெருவில் எல்லோரும் சாணிப் பிளசர் என்றே சொன்னார்கள். கட்டிங் மாஸ்டர் கம்பெனி வாசலில் இறங்க மாட்டார். “முக்குலயே நிறுத்துங்கண்ணா. வாசல்ல பொம்பளைப் புள்ளைங்க நிக்குது, வறட்டி வண்டியில வந்துட்டாருன்னு சிரிக்கும்.” கல்யாணத்துக்கு யாரும் அதை வாடகைக்குக் கூப்பிடவில்லை. புளியமரக் கிளை தாழ்ந்த சாலையில் போக முடியாது. மார்கழிக் குளிரில் தொட்டியில் வாயு ஊறாது. தோட்டத்தை விட்டால் வேறு எங்கும் பை நிரப்ப இடமில்லை. கார்த்திகை தீபத்தன்று வாசலெல்லாம் விளக்கு என்பதால் பொழுது சாய்வதற்குள் வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். இத்தனையும் யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவரே சொன்னதுதான்.

இவ்வளவுக்கும் அவருக்கு அந்த வண்டி மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. கட்டிங் மாஸ்டரின் முதலாளி, சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றி வர மூன்று வேன் வைத்திருந்தார். பெட்ரோல் விலையில் அவர் விழி பிதுங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இந்தப் பிளசரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “திங்கக்கெழமை நானே வந்து ஏறிப் பாக்கறேன். ஒத்து வந்தா மூணு வேனுக்கும் பண்ணிரலாம். தொட்டியும் நானே கட்டறேன்” என்று சொல்லியிருந்தார்.

அன்று திரும்பும்போது பிளசர்க்காரர் பேசிக்கொண்டே வந்தார். “மூணு வேன் ஓடுச்சுன்னா ஊரே நம்பீருமுங்க சார். அப்பறம் பை வேண்டாம், நல்ல சிலிண்டரே போட்டுக்கலாம். கொறையெல்லாம் ஓட்ட ஓட்டத்தான் தீரும். ஓட்டறதுக்கு ஆள் வேணுமே?” அவர் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இங்கே சூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அமாவாசை என்றால் பனியன் மெஷினிலிருந்து மாட்டு வண்டி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டித் திருஷ்டி கழிப்பது வழக்கம். சூடம் காட்டாத வண்டியில் ஏற யாருக்கும் மனம் வராது. இவர் சந்தனம் வைக்க விடுவார், மாலை போட விடுவார். சூடத்தை மட்டும் கிட்டே விட மாட்டார்.

“சூடம் காட்டாத வண்டியில போறேன்னு தெரிஞ்சா எங்கூட்டுக்காரி எனக்குச் சோறு போடமாட்டா” என்றார் கட்டிங் மாஸ்டர்.

“சாமி கோவிச்சுக்காதுங்க. வண்டி இங்க நிக்கட்டும். நான் கோயலுக்கு நடந்து போயி, வண்டி பேரைச் சொல்லிக் காட்டீட்டு வந்தர்றேன்.”

அப்படியே செய்தார். ஒவ்வொரு அமாவாசையும் பூண்டிக் கோயிலுக்கு நடந்து போய் வண்டிக்காகச் சூடம் ஏற்றிவிட்டு வருவார். வந்ததும் நெற்றித் திருநீற்றைத் தொட்டு வண்டியின் முகப்பில் ஒரு கோடு இழுப்பார். எங்களுக்கு அது போதவில்லை. எனக்குப் போதவில்லை என்று எழுதுவதுதான் சரி.

நான் பிள்ளைகளுக்கு வாயுக்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வாரம் அவிநாசி ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து, சாலையோரம் நடந்து போன பள்ளிப் பிள்ளை ஒன்று அடியில் போய்விட்டது. என் மகளின் வயதுதான். அந்தச் செய்தி கேட்டதிலிருந்து ராத்திரியில் எழுந்து எழுந்து அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். ஏதாவது செய்ய வேண்டும், என்ன செய்வதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அமாவாசையாக வந்தது. அன்றைக்கே அவளுக்குக் காலாண்டுப் பரீட்சை ஆரம்பம். முதலாளி வருவதாகச் சொன்ன திங்களுக்கு இன்னும் மூன்று நாள்.

அன்று காலை வண்டி எங்கள் வாசலில் நின்றது. தெருக்கோடியில் சிலை செதுக்குகிறவர்களின் உளிச் சத்தம் ஆரம்பித்துவிட்டிருந்தது. மகள் முதலிலேயே ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். அவர் இடதுபக்கக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

“சார், திருகுக்கு மேல கொழாய் மூட்டுல லேசாக் கசியற மாதிரி இருக்குதுங்க. சாயங்காலம் தோட்டத்துல மாத்தீர்றேன். ஓடறதுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்துல தீக்குச்சி மட்டும் வேண்டாமுங்க. மாஸ்டரு இன்னும் வல்ல, நான் போயிக் கூட்டீட்டு வந்தர்றேன்.”

நான் தலையாட்டினேன். தினமும் ஏழெட்டுக் குறை கேட்டுப் பழகிய காது அது. மழை பெய்கிற சத்தம் போல அவர் சொல்வது எங்கள் மேல் விழுந்து ஓடிவிடும். கேட்டேன், கேட்கவில்லை.

அவர் தெரு திரும்பியதும் வீட்டுக்குள் போய், பூஜை மாடத்திலிருந்து ஒரு வெற்றிலையும் கட்டிச் சூடமும் தீப்பெட்டியும் எடுத்து வந்தேன். எரிவாயு காற்றைவிட லேசு, மேலேதான் போகும், பை கூரையில் இருக்கிறது, நான் கீழே நிற்கிறேன். விஞ்ஞான ஆசிரியராகக் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். கூரையிலிருந்து முன்கண்ணாடி ஓரமாக இறங்கி வரும் குழாயை நான் நினைக்கவே இல்லை. வண்டிக்கு முன்னால் நின்று சூடத்தைப் பற்ற வைத்து, மூன்று சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியவில்லை. குழாய் கறுத்துச் சுருங்குவதைத்தான் பார்த்தேன். பிறகு கூரையில், யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். வெடிக்கவில்லை. பை மொத்தமும் ஒரே வீச்சில் எரிந்து மேலே போனது. உருகிய ரப்பர் ஜன்னல் வழியாக உள்ளே சொட்டியது. நான் கையில் வெற்றிலையோடு நின்றேன். இதை எத்தனை முறை நினைத்தாலும் அங்கே மட்டும் எனக்கு மாறுவதில்லை, நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். தெருமுனையிலிருந்து ஓடிவந்தவர் அவர். உள்ளேயிருந்து திறக்காத அந்தக் கதவைத் திறந்து, மகளைத் துணிமூட்டை போல இழுத்து வெளியே எடுத்துத் தெருவில் உட்கார வைத்துவிட்டு, அவள் காதோரம் ஒட்டியிருந்த ரப்பரைத் தன் கையாலேயே பிய்த்தார். அவருடைய முழங்கை வரைக்கும் தோல் வெளுத்துப் போயிருந்தது.

“அம்முணி, ஒண்ணுமில்ல கண்ணு. ஒண்ணுமில்ல. மாமனப் பாரு.”

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெற்றிலையைச் சாக்கடையில் போட்டுக் காலால் உள்ளே தள்ளினேன். மகள் அதையும் பார்த்தாள்.

சேதி கேட்டு மத்தியானத்துக்குள் முதலாளி வந்துவிட்டார். எலும்புக்கூடாக நின்ற வண்டிக்கு முன்னால் வெந்த கையில் வாழை இலையைச் சுற்றிக்கொண்டு இவர் நின்றிருந்தார்.

“யாராச்சும் நெருப்பு வெச்சாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“யாரும் வெக்கலீங்க. எல்லாத்துக்கும் சொல்லித்தான் வெச்சிருந்தேன். மூட்டுக் கசிஞ்சுதுங்க. காத்தாலயே தெரியும். மாத்தாம எடுத்தது எந்தப்புத்தானுங்க.”

நான் நாலடி தள்ளி நின்றேன். மூட்டுக் கசிந்தது உண்மை. கசிந்தாலும் நெருப்பில்லாமல் பற்றாது என்று பத்தாம் வகுப்புப் பையன் சொல்லுவான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வண்டியின் மேல் விழுந்த பழி என் மேல் மாறும். மகளின் காதில் மருந்து போட்டுக் கட்டியிருந்தது. பெற்ற தகப்பனே மகள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு நெருப்பு வைத்தான் என்று ஊர் சொல்லும். என் மனைவி சொல்லுவாள். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி தன் வேன்களைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. கேஸ் கார் வெடித்துவிட்டது என்று திருப்பூர் முழுக்கப் பேச்சு. வெடிக்கவில்லை என்று அவர் மட்டும் சொல்லிப் பார்த்தார். “வெடிக்கலீங்க, எரிஞ்சுது” என்பார். கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தோட்டத்துக்காரரும் பயந்து அடுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார். நாங்கள் பழையபடி பஸ் படியில் தொங்கினோம். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் யாராவது, “எரிவாயுவில் கார் ஓட்டலாம் என்கிறார்களே, ஏன் யாரும் ஓட்டுவதில்லை?” என்று கேட்பார்கள். பை, மேடு, மார்கழி, சாணி வாசம் என்று காரணங்கள் பல. எங்கள் ஊரைப் பொறுத்தவரை முதல் காரணம் நான். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன்.

போன தை மாதம் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகள் கூட இருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு, என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அவர் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் லாரி ஓட்டுகிறாராம். இரண்டு கையிலும் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. என்னை விடவும் அவளைப் பார்த்ததில்தான் அவருக்குச் சந்தோஷம்.

“அம்முணியா இது! காது நல்லா இருக்குதா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, அவளாகவே முடியை ஒதுக்கிக் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். காத்திருந்து கேட்பது போல இருந்தது.

“சார், உங்களைப் பாத்தா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. கசிஞ்சது செரி, அது எந்தப்பு. நெருப்பு எங்கிருந்து வந்துச்சு? இன்ஜின் ஆஃப்லதான் இருந்துச்சு. பேட்டரி ஒயரெல்லாம் அப்பறம் பிரிச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்குது. அதே மாதிரி மூட்டு ஒண்ணு செஞ்சு மில்லுல வெச்சுப் பாத்துட்டேன், தானாப் பத்தவே மாட்டீங்குது. நாலு வருசமா இதே யோசனை. நீங்க வண்டி முன்னாடிதானுங்களே நின்னீங்க. ஏதாச்சும் கண்ணுல பட்டுதுங்களா?”

சொல்லிவிடலாம். வேன்கள் இல்லை, முதலாளி இல்லை, அவர் கோபப்படக்கூட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது. “இல்லீங்க” என்றேன். “எனக்கு ஒண்ணும் தெரியலீங்க.”

அவர் தலையாட்டினார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீ உள்ள உக்காந்திருந்தியே கண்ணு. கண்ணாடியில ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணைக் காட்டிக் கெஞ்சுவதா, சொல்லிவிடு என்று தலையாட்டுவதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்து, குரல் கொஞ்சமும் பிசகாமல் சொன்னாள்:

“இல்லீங்க மாமா. நான் புஸ்தகம் படிச்சுட்டு இருந்தனுங்க.”

“அப்ப நாந்தான் எதையோ வுட்டுட்டேன்” என்றார் அவர். அவள் தலையில் கை வைத்துவிட்டு, காங்கேயம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எங்கள் பஸ் வந்ததும் அவள் முன்னால் ஏறிப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பூண்டி வருகிற வரைக்கும் நான் பின்னாலிருந்து அவள் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பதினைந்து வயது. எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.